உன் கல்யாண வீடியோ ஏன் இன்னும் வரவில்லை என்றால்

அம்மு,

வீடியோ பத்திரமாக இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், நீ மூச்சு விட்டுக்கொள். தொலையவில்லை, அழியவில்லை, கேமரா கார்டைப் புடவையோடு சேர்த்து நான் துவைத்துவிடவும் இல்லை. கல்யாணம் முடிந்து நீ புருஷன் வீட்டுக்குப் போனதிலிருந்து, "வீடியோ எங்கேம்மா?" என்று போனில் கேட்கும்போதெல்லாம் "அடுப்பில் பால் இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டேன். மட்டாஞ்சேரியில் நாள் முழுக்கப் பால்தான் காய்ச்சுகிறார்களா என்று உன் மாமியார் யோசித்திருப்பார். உன்னை மட்டும் சமாளித்தால் போதும் என்றால் பரவாயில்லை. வைப்பினிலிருந்து உன் சித்தப்பா கேட்கிறார். மாடி வீட்டு டீச்சர் கேட்கிறார். பூக்காரர்கூட "தாலி கெட்டின வீடியோ வந்தோ சேச்சீ?" என்கிறார். அதனால்தான் இந்தக் கடிதம், அதுவும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்கிற கடிதம். நீ படித்துவிட்டுக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிடு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பால் காய்ச்ச என்னால் முடியாது.

தமிழில் எழுதியிருக்கிறேன் என்று முகத்தைச் சுளிக்காதே. மலையாளம் என்றால் ஒரே மூச்சில் படித்துவிடுவாய், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். எனக்கு வேண்டியது அதுதான். பாதியில் போனை எடுத்து என்னைத் திட்டாமல், நான் சொல்வதைக் கடைசிவரை கேட்பாய். கடல் தாண்டிப் போன பெண்ணுக்கு எழுதுவதுபோல எழுதுகிறேன் என்று அப்பா கிண்டல் செய்கிறார். திருப்பூணித்துறைக்கு ஒரு பஸ், ஒரு மெட்ரோ, அவ்வளவுதான் என்கிறார். இருக்கட்டும். உனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: தாலி கட்டிய நேரம் ஒழுங்காகப் பதிவாகியிருக்கிறதா, இல்லையா? சொல்கிறேன். ஆனால் எனக்கு வரிசையாகத்தான் சொல்ல வரும். நீ அடுத்த மாதம் புதுக் கேமரா வாங்கப் போகிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார். அதற்கும் இதில் ஏதாவது உதவும் என்று நினைக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் நீதான் என்பதை மறந்துவிடாதே. நிச்சயம் முடிந்த வாரம், சோற்றைப் பிசைந்துகொண்டே சர்வசாதாரணமாகச் சொன்னாய்: "என் கல்யாணத்தை நீதான் எடுக்கணும்மா."

"நானா? நான் பொண்ணோட அம்மாடீ! அன்னைக்கு எனக்குத் தலை சொறிய நேரம் இருக்காது."

"வெளியாள் வேண்டாம். 'சேச்சீ, ஒன்னு சிரிக்கூ, சேட்டன்டெ தோளில கை வெக்கூ'ன்னு வீடியோ எடுக்கப் போன இடத்துல நானே எத்தனை பொண்ணுங்களைப் படுத்தியிருக்கேன்! அந்தப் பாவம் மொத்தமும் அன்னைக்கு எனக்குத் திரும்பி வரும்."

"எனக்கு லைட் பிடிக்கத்தான்டீ தெரியும்."

"மூணு வருஷமா என் பக்கத்துல நின்னிருக்கே. எனக்குத் தெரிஞ்சது பாதி உனக்கும் தெரியும். மீதிப் பாதியைக் கேமராவே பாத்துக்கும்."

இப்படிச் சொல்லிவிட்டு நீ மோர் ஊற்றிக்கொண்டாய். இருபது வயதில் உன்னைப் பெற்றேன். அன்றைக்கு டாக்டர் உன்னை என் கையில் கொடுத்தபோது வந்த அதே பயம், "நீதான் எடுக்கணும்" என்றதும் வந்தது. ஆனால் உள்ளுக்குள் சந்தோஷமும் பொங்கியது என்பதை இப்போது சொல்லலாம், உன் அத்தைகள் தப்பாக நினைக்கட்டும்.

நாம் இரண்டு பேரும் வேலைக்குப் போன அந்த மூன்று வருஷத்தை நினைத்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. நீ கல்லூரியில் படித்துக்கொண்டே பெயர் சூட்டு விழா, வளைகாப்பு, அறுபதாம் கல்யாணம் என்று சின்னச் சின்ன வேலைகளை ஒப்புக்கொண்டாய். தனியாக அனுப்பப் பயந்து நானும் ஒட்டிக்கொண்டேன், சும்மா நிற்காதே என்று நீ என் கையில் லைட்டைக் கொடுத்தாய். உன் முதல் கேமரா வந்த அன்று, மிரர்லெஸ் என்றால் உள்ளே கண்ணாடி கிடையாது என்று நீ விளக்கியதும் அப்பா கேட்டது நினைவிருக்கிறதா? "ஒரு சாமானம் குறையுதுன்னா விலையும் குறையணுமே, கூடியில்ல இருக்கு?" பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் விற்கிறவருக்கு வேறு எப்படித் தோன்றும்? அந்தக் கண்ணாடி இல்லாததால்தான் கேமரா உள்ளங்கையளவு சுருங்கியது, எடுக்கப் போகிற படத்தை எடுப்பதற்கு முன்பே திரையில் அப்படியே காட்டுகிறது என்று நீ சொன்னாய். அவர் நம்பவில்லை. பொண்ணு நல்லா ஏமாந்துட்டா என்று கடையில் எல்லாரிடமும் சொல்லிவைத்தார்.

தோப்பும்படியில் எடுத்த அந்த வளைகாப்பை இப்போதும் யாரிடம் சொன்னாலும் வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள். வெளிச்சம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று நான் நினைத்திருந்த காலம். அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராக லைட்டைப் பிடித்தேன். அவள் கண்ணை இடுக்கி, உதட்டைக் கடித்து உட்கார்ந்திருந்தாள். வீடியோவைப் பார்த்துவிட்டு அவள் புருஷன், "என்மேல என்ன கோபம் இவளுக்கு?" என்று உன்னிடமே கேட்டான். அடுத்த தடவை நேராக அடிக்கக்கூடாது, சுவரில் அடித்தால் வெளிச்சம் பரவி மென்மையாக வரும் என்று நீ சொன்னாய். அடுத்துப் போன வீட்டுச் சுவர் கிளிப்பச்சை. கர்ப்பிணி, மாமியார், வளையல்காரர், தட்டில் இருந்த ஐந்து வகைச் சாதம் எல்லாமே கிளிப்பச்சை. அதற்குப் பிறகுதான் அப்பாவின் பழைய டபுள் வேஷ்டியை இரண்டு நாற்காலிக்கு நடுவில் கட்டி, அதற்குப் பின்னால் லைட்டை வைத்தோம். லைட்டுக்கென்றே காசு கொடுத்து வாங்கிய எந்தக் குடையும் அந்த வேஷ்டி அளவுக்கு முகத்தைப் பார்த்துக்கொள்ளவில்லை. நீ புதிதாக லைட் வாங்கினால் எத்தனை வாட் என்று பார்ப்பதற்கு முன்னால், அதை எதன் வழியாக விடப்போகிறாய் என்று யோசி. மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று பார். ஒரே அறையில் ட்யூப்லைட்டும் குத்துவிளக்கும் எரியும்போது நடுவில் நிற்கிற பெண்ணுக்கு ஒரு கன்னம் நீலம், ஒரு கன்னம் மஞ்சள் என்று ஆகிவிடக்கூடாது.

சரி, உன் கல்யாணத்துக்கு வருகிறேன். உன்னுடைய பழைய கேமரா போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு, உனக்கும் தெரியும்: தொடர்ந்து ஓடவிட்டால் சூடாகி, யாரையும் கேட்காமல் தானே அணைந்துவிடும். துண்டு துண்டாக எடுக்கிறவளுக்கு அது பொருட்டில்லை. ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு மணவறைக்குப் போய் நிற்கப்போகிறவளுக்கு அது சரிவராது. எர்ணாகுளத்தில் வாடகைக்கு ஒன்று எடுக்கலாம் என்று முடிவானது. எப்படிப்பட்டது? பெரிய கேமராவாக இருந்தால் சம்பந்தி வீட்டார் முன்னால் கௌரவமாக இருக்கும் என்று எனக்கு ஒரு சபலம். அப்பா கடையிலிருந்து ஒரு கிலோ மிளகுப் பொட்டலத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "இதைக் கண்ணுக்கு நேரா பிடிச்சுட்டு டிவி பாரு. நாடகம் முடியறவரைக்கும் இறக்காம இருந்தா, நீ கேக்கிற கேமராவை எடுப்போம்." முதல் விளம்பரத்துக்கே என் கை ஆடத் தொடங்கியது. இரண்டாவது விளம்பரத்தில் பொட்டலம் மடியில் இருந்தது. கல்லூரியில் இயற்பியல் படித்தவளுக்கு மிளகு வியாபாரி பரீட்சை வைத்துத் தோற்கடித்தார் என்று அவருக்கு ஒரே பெருமை. போகட்டும்.

வாடகைக் கடைக்கு நான் ஒரு பையோடு போனேன். பைக்குள் நம் வீட்டுப் பித்தளைக் கிண்டி. சிரிக்காதே. தாரை வார்க்கும்போது உன் கையும் மாப்பிள்ளை கையும் சேர்ந்திருக்க, அப்பா தாங்கிப் பிடிக்க, நான்தான் கிண்டியின் மூக்கு வழியாகத் தண்ணீர் விட வேண்டும். அதுவரை கேமராவோடும் அதன்பிறகு கிண்டியோடும் நிற்கப் போகிறவள், இரண்டையும் சேர்த்துத் தூக்கிப் பார்க்காமல் எப்படி எடுப்பது? ஒரு கையில் கிண்டியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் ஒவ்வொரு கேமராவாகத் தூக்கினேன். கடைக்காரர் இரண்டு நிமிஷம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"சேச்சீ, ஷூட்டிங்கோ, பூஜையோ?"

"கல்யாணம். என் மகள் கல்யாணம்."

"அப்போ இந்தச் சின்னக் கேமரா போரா. வலியது எடுக்கூ. இதைக் கண்டால் ஆளுகள் மொபைல்னு விசாரிக்கும்."

சின்னது போதாது, மொபைல் என்று நினைத்துவிடுவார்கள், பெரியதையே எடுத்துக்கொள் என்று அவர் ஒரு பீரங்கியை நீட்டினார். நான் கிண்டியை நீட்டினேன். "இதையும் அதையும் சேத்துப் பிடிச்சுக் காட்டுங்க சேட்டா." அவர் பிடித்துப் பார்த்தார். பிறகு பீரங்கியை அலமாரியில் வைத்துவிட்டு, சின்னதில் எது நல்லது என்று காட்டத் தொடங்கினார். உண்மையில் எனக்கு வேண்டியவை நாலே விஷயம்: ஒரு கையால் தூக்க வேண்டும், முன்பக்கம் திரும்பும் திரை வேண்டும், சூடாகி அணையக்கூடாது, இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதிவாக வேண்டும். இந்த நாலும் இருந்ததில் மிகச் சின்னதை எடுத்தேன். கூட்டத்துக்காக வாங்காதே அம்மு, உன் கைக்காக வாங்கு. கேமரா பெரிதா என்று பார்க்கிறவர்கள் அன்று ஒருநாள் பார்ப்பார்கள். தோளைத் தேய்த்துவிட வேண்டியவர் உன் மாப்பிள்ளை, வருஷம் முழுக்க.

லென்ஸ் விஷயத்தில்தான் நானும் நீயும் கடைசிவரை சண்டை போட்டோம். கிட்டேயும் எட்டேயும் இழுக்கிற ஜூம் லென்ஸ்தான் எனக்கு வேண்டும் என்றேன். ஒன்றுக்கும் நகராத, ஆனால் வெளிச்சத்துக்கு நன்றாகத் திறந்துகொள்கிற லென்ஸைத்தான் எடுக்க வேண்டும் என்றாய். "ஜூம்ல இழுக்க இழுக்க இருட்டும்மா. இது திறந்தா விளக்கு வெளிச்சமே போதும்." "கிட்டே போகணும்னா?" "நடந்து போ." "மணவறையில நிக்கிறவ எப்படிடீ நடப்பா?" "அப்ப எங்கே வைக்கணும்னு முன்னாடியே நல்லா யோசி." அதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது. இருந்தாலும் நீ சொன்ன லென்ஸைத்தான் எடுத்தேன். நம் பழைய லைட்டையும் கூடவே எடுத்துக்கொண்டேன், அதை விட மனசு வரவில்லை. லென்ஸ் உன் இஷ்டம், லைட் என் இஷ்டம் என்று சமாதானம்.

கல்யாணத்தன்று நீ தலை பின்னிக்கொண்டிருந்தபோது மண்டபத்தில் நடந்தது உனக்குத் தெரியாது. விடிந்ததும் நானும் அப்பாவும் போய்விட்டோம். கேமராவை எங்கே வைப்பது, எவ்வளவு தூரத்தில் கூர்மையாகத் தெரியும் என்று பார்க்க யாராவது உன் இடத்தில் உட்கார வேண்டுமே? அப்பாவை உட்காரவைத்தேன். பனியனும் துண்டுமாக மணையில் உட்கார்ந்திருந்தார். உன் தலை எவ்வளவு குனியும் என்று தெரிய, "கொஞ்சம் வெட்கப்படுங்க" என்றேன். அவரும் குனிந்தார். அந்த நேரம் பார்த்து, கல்யாணம் நடத்திவைக்கிற வாத்தியார் சாமான் பையோடு வந்து நின்றார். "என்ன இது, ரெண்டாம் தடவையா? எனக்குச் சொல்லவே இல்லையே!" அப்பா எழுந்து ஓடிய வேகத்தில் ஸ்டாண்ட் ஆடிவிட்டது, மறுபடி முதலிலிருந்து வைத்தேன். முகத்தைத் தானே தேடிப் பிடிக்கிற வசதியை நிறுத்தினேன். அட்சதை போடுகிறவர்கள் குறுக்கே வந்தால் அது உன்னை விட்டுவிட்டு அவர்கள் பின்னால் போய்விடும் என்று நீ சொல்லியிருந்தாய். மண்டபத்துச் சீரியல் விளக்குகள் திரையில் கோடு கோடாக ஓடின. உனக்கு போன் செய்தேன். கண்ணுக்கு மை போட்டுக்கொண்டே "ஷட்டரை ஐம்பதுல வைம்மா" என்றாய். கோடுகள் போய்விட்டன. கல்யாணப் பெண்ணிடம் ஷட்டர் கேட்ட அம்மா கொச்சியிலேயே நான் ஒருத்திதான் இருப்பேன்.

பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்டூல்மேல் நின்றிருந்தபோது மாப்பிள்ளையின் பெரியப்பா வந்தார். "ஏம்மா, வீடியோக்காரப் பொண்ணே, பொண்ணோட அம்மா எங்கே? தாம்பூலத் தட்டு கொடுக்கணும்" என்றார். "இப்ப வருவாங்க" என்று சொல்லிவிட்டு, இறங்கி, புடவையைச் சரிசெய்து, அந்தப் பக்கமாகச் சுற்றி வந்து தட்டை வாங்கிக்கொண்டேன். பாவம், அன்று முழுக்க அவர் என்னை ஒரு மாதிரியாகவே பார்த்தார்.

இனி முக்கியமான இடம். மெதுவாகப் படி.

கேமரா ஸ்டாண்டில் தானாக ஓடிக்கொண்டிருக்கும், சரி. லைட்டை யார் பிடிப்பது? உன் ராஜி அத்தையிடம் கொடுத்தேன். அப்பாவின் தங்கை, வங்கியில் வேலை, சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள், அதனால்தான் அவளிடம் கொடுத்தேன். அந்த லைட்டின் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். நாம் இரண்டு பேரும் வேலைக்குப் போகும்போது வைத்திருந்த பழக்கத்தையே அவளுக்கும் சொல்லிக்கொடுத்தேன். நீ ஒரு காட்சி முடிந்ததும் "மதி" என்பாய், நான் உடனே அணைத்துவிடுவேன், ஞாபகம் இருக்கிறதா? மலையாளத்தில் போதும் என்பதற்குச் சொல்கிற அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் நாம் மூன்று வருஷம் பேட்டரியைக் காப்பாற்றினோம். ராஜியிடமும் அதையே சொன்னேன்: "கேமராப் பக்கத்துலேயே நில்லு. மதின்னு சத்தம் கேட்டா உடனே அணைச்சிடு. மறுபடி போடுன்னு நான் சொல்றவரைக்கும் தொடாதே."

"மதின்னா அணைக்கணும். அவ்வளவுதானே அண்ணி? நான் பாத்துக்கறேன்."

தாரை வார்க்கும் நேரம் வந்தது. உன் கையின்மேல் மாப்பிள்ளை கை. கீழே அப்பா கை. நான் கிண்டியைச் சாய்த்தேன். தண்ணீர் நூலாக விழாமல் குழாய் திறந்ததுபோல் கொட்டியது. மாப்பிள்ளை வேஷ்டி நனைந்தது, வாத்தியாரின் புத்தகம் நனைந்தது. நான் நிறுத்தவே இல்லை. நிறுத்தினால் எல்லாம் முடிந்துவிடும் என்று என்னவோ ஒரு எண்ணம். அப்பா தன் கை, மடி, துண்டு எல்லாம் நனைந்து, பொறுக்க முடியாமல் சத்தமாகச் சொன்னார்: "மதி! மதிடீ!"

டக்கென்று லைட் அணைந்தது.

நான் நிமிர்ந்தேன். கேமராவுக்குப் பக்கத்தில் ராஜி, கடமையை முடித்த திருப்தியோடு, லைட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அட்சதையைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தாள். "போடு!" என்று கத்தினேன். "ராஜி, போடுடீ!" கெட்டிமேளம் தொடங்கிவிட்டது. நாதஸ்வரத்துக்கு மேலே என் குரல் எங்கே கேட்கும்? போடு என்று உதடு அசைந்ததைப் பார்த்தவள் தலையாட்டினாள். சந்தோஷமாக அட்சதையைப் போட்டாள். மாப்பிள்ளை தாலியைக் கட்டிக்கொண்டிருந்தார். உன் கல்யாணத்தின் அந்த ஒரே ஒரு நேரம், என் கையில் காலிக் கிண்டி, மண்டபத்தில் லைட் இல்லை.

இப்போது புரிகிறதா, நான் ஏன் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன் என்று? கார்டை எடுத்துக் கணினியில் போட எனக்குத் தைரியம் வரவில்லை. வெளியாளை வைத்திருந்தால் இப்படி நடந்திருக்காது, வேண்டாம் என்று நான் அடித்துச் சொல்லியிருக்க வேண்டும், நீ நம்பி ஒப்படைத்ததை நான் இருட்டாக்கிவிட்டேன் என்று தினமும் இதேதான். அப்பா "போட்டுத்தான் பாரேன்" என்பார். நான் அடுக்களைக்குப் போய்விடுவேன். நேற்று ராஜி மத்தியானம் சாப்பிட வந்தாள். நான் பரிமாறிக்கொண்டிருக்கும்போதே அவளும் அப்பாவும் சேர்ந்து டிவியில் வீடியோவைப் போட்டுவிட்டார்கள். கையில் சாம்பார்க் கரண்டியோடு நான் கதவருகே நின்று பார்த்தேன்.

முதலில் லைட் எரிகிற பகுதி. அம்மு, உண்மையைச் சொல்கிறேன், வேஷ்டி கட்டாமல் நேராக அடித்த அந்த வெளிச்சத்தில் நீ சுண்ணாம்பு அடித்த சுவர்போல இருக்கிறாய். மாப்பிள்ளையின் நெற்றி வியர்வை கண்ணாடியாய் மின்னுகிறது. அப்பா ஒரு கண்ணை மூடியிருக்கிறார். பின்னால் இருக்கிறவர்கள் எல்லாம் நிழல். தண்ணீர் கொட்டுகிறது. அப்பாவின் குரல் தெளிவாகக் கேட்கிறது, "மதி! மதிடீ!" டக். திரை இருண்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அண்ணி, பாரு அண்ணி" என்றாள் ராஜி.

வெயிலிலிருந்து வீட்டுக்குள் வருகிறவர் கண் பழகுவதுபோல, அந்தச் சின்னக் கேமரா ஒரு நொடி தடுமாறிவிட்டு மெல்லத் தானே தெளிந்தது. மண்டபத்தின் இடதுபக்கம் பெரிய ஜன்னல் இருந்ததை நான் கவனிக்கவே இல்லை. லைட்டை நம்பி நின்றவளுக்கு ஜன்னல் எங்கே தெரியப்போகிறது? அந்தக் காலை வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து உன் கன்னத்தில் விழுந்திருக்கிறது. அவ்வளவு பெரிதாகத் திறக்கிற லென்ஸ் இருந்ததால் அதுவே போதுமாக இருந்தது. உன் கூறைப்புடவையின் நிறம் கடையில் நாம் பார்த்துத் தேர்ந்தெடுத்த அதே நிறத்தில் இருக்கிறது. மஞ்சள் கயிறு மஞ்சளாகவே இருக்கிறது. உன் நாத்தனார் பின்னால் பிடித்திருந்த விளக்கின் சுடர் தனியாகத் தெரிகிறது. அட்சதை ஒவ்வொன்றாக மிதந்து விழுகிறது. மூன்று முடிச்சும் தெரிகிறது அம்மு, மூன்றும். லென்ஸ் சண்டையில் நீதான் ஜெயித்தாய், ஒப்புக்கொள்கிறேன். லைட் எரிந்துகொண்டே இருந்திருந்தால் இந்தப் படம் கிடைத்திருக்காது.

ராஜி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நான் அணைச்சதாலதானே இவ்வளவு நல்லா வந்திருக்கு? என் பேரைப் போடணும்."

"உன் பேரா? எதுக்குடீ?"

"ஒளியமைப்பு, ராஜின்னு."

"அதுக்கு ஒளியணைப்புன்னு போட்டாத்தான் சரியா இருக்கும்" என்றார் அப்பா. அவள் அதற்கும் சம்மதித்துவிட்டாள். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும் என்று மட்டும் நிபந்தனை. போட்டுவிட்டேன்.

ஒரே ஒரு சங்கடம். அந்தக் காட்சியில் உனக்குப் பின்னால், வலது ஓரத்தில், நான் இருக்கிறேன். கிண்டியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, கொண்டை கலைந்து, கண்ணை உருட்டி, வாயைத் தொண்டை தெரியத் திறந்து, நேராகக் கேமராவைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கிறேன். ஊரே கைகூப்பி வாழ்த்துகிறது, பெண்ணைப் பெற்றவள் யாரோ பர்ஸை அடித்துக்கொண்டு ஓடியதுபோல நிற்கிறாள். "இதை வெட்டிடலாம்" என்றார் அப்பா. "ஓரத்தை மட்டும் வெட்டினா அண்ணி போயிடுவா, மத்ததெல்லாம் இருக்கும்" என்று ராஜியும் சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கணினியில் உட்கார்ந்து ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளி என்னை வெளியேற்றினேன். மறுபடி ஓடவிட்டுப் பார்த்தேன்.

தாலி கழுத்தில் ஏறும்போது நீ சிரிக்கிறாய். குனிந்த தலையோடு, உதட்டைக் கடித்து அடக்கப் பார்த்து, முடியாமல், தோள் குலுங்கச் சிரிக்கிறாய். அன்று மண்டபத்தில் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். பொண்ணுக்கு எத்தனை சந்தோஷம் என்று உன் மாமியார் என்னிடமே வந்து சொன்னார். நான் இல்லாத அந்தப் படத்தில் நீ எதற்குச் சிரிக்கிறாய் என்று தெரியவே இல்லை. ஏதோ அழகாகச் சிரிக்கிற கல்யாணப் பெண், அவ்வளவுதான். ஓரத்தை மறுபடி விரித்தேன். நான் உள்ளே வந்தேன். அப்போது தெரிந்தது: குனிந்தபடியே உன் கண் பக்கவாட்டில் திரும்பி என்னைத்தான் பார்க்கிறது. லைட் அணைந்ததும் மண்டபத்தில் என்ன தப்பு நடந்தது என்று புரிந்தவர்கள் இரண்டே பேர், நான் ஒருத்தி, கழுத்தை நீட்டிக்கொண்டிருந்த நீ ஒருத்தி. நான் கத்துகிறேன், நீ சிரிக்கிறாய்.

அதனால் என்னை வெட்டவில்லை. வெட்டினால் உன் சிரிப்புக்குக் காரணம் இல்லாமல் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா, சாப்பாட்டுக்கு முன்னாலேயே போட்டுக் காட்டுகிறேன். அதைப் பார்த்தபிறகும் என் வாயை மூடவைக்க வேண்டும் என்று தோன்றினால், உன் கையாலேயே வெட்டிக்கொள்.

உன்
அம்மா